நாலரை வீதம்

குருசுமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மன்னார் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில், வாகன அனுமதிப் பகுதியில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். மாவட்டத்தில் ஓடிய கார், லொறி, உழவு இயந்திரம் எல்லாவற்றினதும் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அவருடைய கையால்தான் பதிவேட்டில் ஏறின. ஆனால் கச்சேரிக்கு அவர் போய்வந்தது சைக்கிளில். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. இலக்கம் எந்த இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் டென்மார்க்கில் வந்து இறங்கியபோது ஒரு படிவம் நிரப்பினார்கள். மொழிபெயர்க்க வந்தவருக்கு அன்று பலபேர் காத்திருந்தார்கள். "அங்க என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். "கச்சேரியில, மோட்டர் பகுதி" என்றார் குருசுமுத்து. மோட்டர் என்ற சொல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் விளங்கிவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். குருசுமுத்து கையெழுத்து வைத்தார். வாசித்து விளங்காத ஒரு தாளில் அவர் கையெழுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

ஹோர்சன்ஸில் அவருக்கு ஒரு மாடிக் குடியிருப்பில் இடம் கிடைத்தது. கூட இருந்தவர் பாலேந்திரா. கொடிகாமத்துக்காரர், முப்பது வயது, ஊரில் லொறி ஓட்டியவர். குருசுமுத்துவின் மனைவி எமிலியாவும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். காலையில் மொழி வகுப்பு. பின்னேரத்தில் தபாலில் வரும் கடிதங்கள். அரசாங்கம் ஏன் தனக்கு இவ்வளவு கடிதம் எழுதுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பதினொரு வருடம் கடிதங்களோடு இருந்தவருக்கு, ஒரு கடிதம் அனுமதி கொடுக்கிறதா மறுக்கிறதா என்றே தெரியாமல் அதைக் கையில் வைத்திருப்பது பெரிய வேதனையாக இருந்தது.

அந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்ல எல்லன் வந்தார். ஐம்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அகதிகளுக்கு உதவ விரும்புகிறவர்களின் பட்டியலில் தன் பெயரையும் கொடுத்திருந்தார். வீடு அதே தெருவில். வியாழன்தோறும் குருசுமுத்து கடிதங்களை எடுத்துக்கொண்டு அங்கே போவார். எல்லன் கோப்பி ஊற்றிவிட்டு, ஒவ்வொரு கடிதத்தையும் மெதுவாக வாசித்து, முக்கியமான சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். முழுப் பெயர் வாயில் வராததால் அவரை "முத்து" என்று கூப்பிட்டார். டெனிஷில் எல்லாரையும் 'நீ' என்றே சொல்லலாம் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். தன்னைவிட இருபது வயது மூத்த பெண்ணை அப்படிக் கூப்பிட குருசுமுத்துவுக்கு வாய் வரவில்லை. அதனால் நீயும் நீங்களும் வராதபடி வசனங்களை அமைத்துக் கதைத்தார். பல விஷயங்கள் அப்படியே சொல்லப்படாமல் போயின.

மார்ச் மாதம் ஒரு வியாழன், எல்லன் கடிதங்களைத் தொடாமல் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு அவரை வெளியே கூட்டிப்போனார். வீட்டுக்குப் பின்னால் கராஜ் வரிசை. ஒன்றின் கதவைத் தூக்கினார். உள்ளே ஒரு பச்சைக் கார் நின்றது. பதினைந்து வருடம் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இடுப்பளவுக்கு மேல் உயரமில்லை. கூரை துணி, இருக்கை இரண்டே இரண்டு. எல்லன் நிறையக் கதைத்தார். குருசுமுத்துவுக்கு விளங்கியவை மூன்று சொற்கள்: தம்பி, செத்தான், கார். கடைசியில் எல்லன் அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "முடியுமா?" என்று மட்டும் காதில் விழுந்தது.

துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் முடியாது என்று சொல்வது முறையில்லை. "ஓம், முடியும்" என்றார் குருசுமுத்து.

அன்று பின்னேரம் பாலேந்திராவிடம் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் மெக்கானிக் எண்டு எனக்குச் சொல்லவேயில்லை."

"நான் மெக்கானிக் இல்லையப்பா."

"அப்ப ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"அவ கேட்டது எனக்கு விளங்கேல்லை. விளங்காதபடியாத்தான் ஓமெண்டு சொன்னன்."

பாலேந்திரா சட்டைக் கையை மடித்துவிட்டார். "சரி, நான் வந்து பாக்கிறன். காரென்ன, லொறியென்ன. நாலு சில்லுத்தானே."

மறுநாள் இருவரும் போனார்கள். பாலேந்திரா பற்றரியை மாற்றி, எண்ணெய் ஊற்றி, பிறேக்கைச் சரிபார்த்து எஞ்சினை எழுப்பிவிட்டார். எல்லனின் முகம் மலர்ந்தது. அவர் நன்றி சொன்னது குருசுமுத்துவுக்கு. பாலேந்திராவை அவருடைய உதவியாளர் என்று நினைத்துவிட்டார் போலிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் எல்லன் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினார். குருசுமுத்துவின் காதில் அது 'சூன்' என்று விழுந்தது. கார் சூனுக்குப் போகவேண்டும், சூனுக்கு முன் எல்லாம் சரியா, என்று. ஜூன், அதாவது ஆனி மாதம்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். சித்திரைகூட முடியவில்லை, நிறைய நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். பிறகொருநாள் எல்லன் அந்தச் சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். மாதத்தின் பெயர் அப்படி எழுதப்படுவதில்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் டெனிஷ்-ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தார். பார்வை, கண்பார்வை என்று போட்டிருந்தது.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். எல்லனுக்குக் கண்ணில் ஏதோ பெரிய பிழை இருக்கிறது. அதைத்தான் பாவம் கிழமைக் கிழமை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வியாழன் எல்லன் கோப்பி ஊற்ற எழுந்தபோது குருசுமுத்து கேத்தலை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கித் தானே ஊற்றினார். படியிறங்கும்போது, "படி" என்று எச்சரித்தார். எல்லன் அவரை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையும் அவருக்கு நோயின் அடையாளமாகவே பட்டது.

அடுத்த செவ்வாய் காலை எட்டு மணிக்கு எல்லன் கதவைத் தட்டினார். நல்ல உடுப்பு, கையில் ஒரு கடிதம். "இன்றைக்கு" என்று அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார். பாலேந்திரா வேலை தேடி வைலேக்குப் போயிருந்தார். கண் டொக்டரிடம் துணைக்கு வரச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு குருசுமுத்து சப்பாத்தைப் போட்டார். வாசலில் பச்சைக் கார் நின்றது. எல்லன் ஓட்டும் பக்கத்தில் ஏறினார்.

கண் தெரியாத ஒருவர் ஓட்டும் காரில் குருசுமுத்து அன்றுதான் முதன்முதலாகப் போனார். சட்டைப்பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு விளக்கு வந்தபோதெல்லாம் "சிவப்பு" என்றும், சைக்கிள்காரர் வந்தபோதெல்லாம் "சைக்கிள்" என்றும் சொல்லிக்கொண்டு போனார். எல்லன் ஒவ்வொரு தடவையும் "ஆம், முத்து" என்றார். கார் ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு பெரிய கொட்டகைக்குள் நுழைந்தது. நிலத்தில் நீளமான பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு மனிதர் விளக்கோடு நின்றார். முன்னால் நாலைந்து கார்கள் வரிசையில் நின்றன. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சூன் என்றால் வாகனப் பரிசோதனையும்தான், பார்க்கப்போவது காரைத்தான். பழைய கார் ஒன்று இன்னொருவர் பெயருக்கு மாறுவதென்றால் அரசாங்கம் அதைப் பார்த்துத்தான் விடும். பதினொரு வருடம் அவர் மேசைக்கு வந்த தாள்களில் ஒன்று இந்தச் சான்றிதழ்தான். அது எங்கே, எப்படி உண்டாகிறது என்பதை அவர் அன்றுவரை கண்டதில்லை.

பரிசோதகர் சாம்பல் நிற மேலங்கி போட்டிருந்தார். பிறேக் சரி, விளக்கு சரி, அடித்தகட்டில் துரு பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாகப் புகைபோக்கிக்குள் ஒரு குழாயை விட்டு ஒரு பெட்டியைப் பார்த்தார். பிறகு தாளில் எழுதி, ஒரு வரியின் கீழ் கோடு போட்டு, மெக்கானிக் யார் என்று கேட்டார். எல்லன் குருசுமுத்துவைக் காட்டினார். பரிசோதகர் தாளை அவரிடம் நீட்டி, அந்த வரியில் விரலை வைத்து, "சீ.ஓ. கூடிப்போச்சு" என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

சீ.ஓ. என்ற இரண்டு எழுத்தைக் கண்டதும் குருசுமுத்து ஒரு அடி பின்வாங்கினார். மன்னாரில் சீ.ஓ. என்றால் இராணுவ முகாமின் கட்டளை அதிகாரி. பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிக் கேட்கப்போனால் சீ.ஓ.விடம் கேள் என்பார்கள். எமிலியாவின் அண்ணனைப் பற்றி விசாரிக்க மூன்று நாள் அந்த வாசலில் அவர் நின்றிருக்கிறார். சீ.ஓ.வோடு சேர்ந்து வந்த சொல்லை அவர் 'உயர்ந்தது' என்று எடுத்துக்கொண்டார். மேலிடத்துச் சீ.ஓ. ஒருவர் எதற்காகவோ மறுத்திருக்கிறார். தான் கூட வந்ததுதான் காரணமோ. அவர் எல்லனிடம், "நான் பஸ்ஸில் போகிறேன்" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்த எல்லன், தன் வேலை தேறவில்லை என்று மெக்கானிக் வெட்கப்படுகிறார் என்று நினைத்தார். தோளில் தட்டி, பரவாயில்லை, ஐந்து கிழமை தவணை தந்திருக்கிறார்கள் என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

பின்னேரம் பாலேந்திரா தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, இது காபன் மொனொக்சைட். ஓ எல் சோதனைக்குப் படிச்சது. புகையில வாற ஒரு வாயு. நூறுக்கு நாலரை வீதத்துக்குக் கீழ வரவேணுமாம். இதில எட்டு நிக்குது."

"புகையே வரேல்லையே. நான் பின்னாலதானே நிண்டனான்."

"அது கண்ணுக்குத் தெரியாது. மணமுமில்லை."

"கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது எண்டா, அதை நாங்கள் என்னெண்டு குறைக்கிறது?"

பாலேந்திராவுக்கும் அது தெரியாது. லொறி கறுப்பாகப் புகைத்தால் டீசல் கூட என்று அவருக்குத் தெரியும். இந்தக் கார் புகைக்கவே இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்வது அவருடைய சுபாவம் அல்ல. காற்று வடிகட்டியை மாற்றினார். பிளக்குகளை மாற்றினார். பெற்றோல் நிலையத்துப் பட்டறை ஒன்றில் அந்த அளவுப்பெட்டி இருந்தது. நீல உடுப்புப் போட்ட ஒரு டெனிஷ்காரர் அளந்து, "ஆறு" என்றார். மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். பாலேந்திரா காபிறேற்றர்களின் அடியில் இருந்த நட்டுகளைக் கொஞ்சம் திருகினார். பெற்றோலையும் காற்றையும் கலக்குகிற காபிறேற்றர்கள் இந்தக் காரில் இரண்டு இருந்தன. அடுத்தநாள் அளந்தபோது ஒன்பது. மற்றப்பக்கம் திருகினார். ஏழு. இன்னும் திருகினார். பின்னால் இருந்த காபிறேற்றரின் நட்டு மேலே போய் இறுகிவிட்டது, இனி இடமில்லை. ஏழுதான்.

வைகாசி தொடக்கத்தில் எல்லனின் தொலைக்காட்சியில் ஐரோப்பாவின் வரைபடத்தைத் தினமும் காட்டினார்கள். கிழக்கே சோவியத் நாட்டில் ஒரு அணு உலை வெடித்ததாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று காற்றில் வருகிறதாம். எல்லன் கீரையை மூன்று தடவை கழுவினார். இந்த நாட்டில் ஆபத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கிறது, அதை அளக்க ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது என்று குருசுமுத்து எமிலியாவுக்குக் கடிதம் எழுதினார். அதை வாசித்து எமிலியா என்ன விளங்கிக்கொள்வாள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

தவணையின் மூன்றாவது கிழமை முடிகிறபோது அவரால் தாங்க முடியவில்லை. வியாழன் எல்லன் கோப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் சொன்னார்.

"நான் மெக்கானிக் இல்லை."

எல்லன் கோப்பையைக் கீழே வைத்தார்.

எழுதுவினைஞர் என்பதற்கு டெனிஷ் சொல் அவருக்குத் தெரியாது. "நான் தாள்" என்றார். எழுதுவதுபோல் காட்டினார், முத்திரை குத்துவதுபோல் மேசையில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "மன்னாரில் காருக்குத் தாள். தாள் நான் எழுதுவேன்."

எல்லன் கொஞ்சநேரம் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எஞ்சினைத் தொடுமுன் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைக்கிறாய், முத்து. எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வதில்லை" என்றார். "எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் படிவத்தில் எழுதியிருந்தது. முடியும் என்றும் சொன்னாய்."

"கேள்வி விளங்கவில்லை."

"நான் கேட்டது எனக்கே விளங்கவில்லை" என்றார் எல்லன். பிறகு, அவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வசனமாக நிறுத்திச் சொன்னார். தம்பியின் பெயர் அக்ஸல். ஸ்கீவயில் தபால் கந்தோரில் வேலை செய்தவன். பதினொரு வருடமாக இருவருக்கும் கதை பேச்சு இல்லை. அம்மாவின் சவ அடக்கத்தன்று அம்மாவின் கோப்பை அலமாரி யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை. அந்த அலமாரி இப்போது எங்கே என்றுகூட அவருக்குத் தெரியாது. தை மாதம் அக்ஸல் இருதயம் நின்று செத்துப்போனான். வீட்டுச் சாமானெல்லாம் வேறு ஆட்களுக்கு. காரை மட்டும் அக்காவுக்கு என்று எழுதி வைத்திருந்தான்.

"ஏன்?" என்றார் குருசுமுத்து.

"தெரியாது. எனக்கு இந்தக் கார் வேண்டாம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. என் பெயருக்கு மாற்றிவிட்டால் ஏதாவது விளங்கும் என்று நினைத்தேன்."

இது குருசுமுத்துவுக்கு நன்றாக விளங்கியது. ஒரு விஷயம் விளங்காவிட்டால் அதைத் தாளில் ஒழுங்காகப் பதிந்துவைப்பது அவருக்கும் பழக்கம். "காரின் தாள் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். இரண்டு மாதமாக அதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லன் காரின் கைப்பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். பதிவுத் தாள், ரயர் மாற்றிய பற்றுச்சீட்டு, அவற்றுக்கு அடியில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தடித்த புத்தகம். காரைத் திருத்துவதற்கான வேலைக்கையேடு. முழுவதும் ஆங்கிலம். எல்லனுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் வராது, அதனால் அவர் அதைத் திறந்ததே இல்லை. குருசுமுத்து முதல் பக்கத்தை விரித்தார். எஞ்சின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும் இடம், செசி இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும் இடம். டென்மார்க்குக்கு வந்து ஏழு மாதத்தில் அகராதி இல்லாமல் அவர் வாசித்த முதல் தாள் அது. கோப்பி ஆறிப்போகும்வரை தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை காலை கராஜுக்குப் புத்தகத்தோடு போனார். பாலேந்திரா தயாராக நின்றார்.

"ஒவ்வொரு காபிறேற்றருக்குள்ளயும் ஒரு ஊசி இருக்காம்" என்றார் குருசுமுத்து. "நுனி மெலிஞ்ச ஊசி. ஊசி மெல்லிசெண்டா கூடப் பெற்றோல் போகும். இந்தக் காருக்கு இன்ன ஊசி எண்டு எழுத்துப் போட்டிருக்கு. எஃப் எக்ஸ். அந்த எழுத்து ஊசியின்ர கழுத்தில பொறிச்சிருக்குமாம். கழட்டும், வாசிச்சுப் பாப்பம்."

"அண்ணை, உள்ளுக்க கை வைக்காதேங்கோ. எஞ்சின் நல்லாத்தானே ஓடுது."

"ஓடுறது பிரச்சினையில்லை. இலக்கம் சரியோ எண்டுதான் பாக்கவேணும். கச்சேரியில நாங்கள் ஓடுதோ எண்டு பாக்கிறேல்லை."

பாலேந்திரா முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். எல்லன் தன் தையல் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். முன் காபிறேற்றரின் ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார்கள். எஃப் எக்ஸ். பின்னால் இருந்ததைப் பிடித்தார்கள். குருசுமுத்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், பிறகு பாலேந்திராவிடம் நீட்டினார்.

"எனக்கு எஃப் கே எண்டு தெரியுது. உமக்கு?"

"கே தான்" என்றார் பாலேந்திரா. இரண்டு ஊசியையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். "ஓமண்ணை, இது மெல்லிசு. ஆரோ மாறிப் போட்டிருக்கிறாங்கள். அதுதான் நட்டு முட்டியும் குறையேல்லை."

யார், எப்போது மாற்றிப் போட்டார்கள் என்று உறையில் இருந்த எந்தத் தாளிலும் இல்லை. அக்ஸலாகவும் இருக்கலாம். எல்லன் அந்தத் தவறான ஊசியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று குருசுமுத்து கேட்கவில்லை.

சரியான ஊசி வைலேயில் ஒரு உதிரிப்பாகக் கடையில் இருந்து வந்தது. குருசுமுத்து ரயிலில் போய்த் தானே விண்ணப்பம் கொடுத்தார். புத்தகத்தில் இருந்த உறுப்பு இலக்கம், எஞ்சின் இலக்கம், வருடம் எல்லாவற்றையும் நிரலாக எழுதிக்கொண்டு போனார். கடைக்காரர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். அவருடைய அலமாரி முழுக்க ஆங்கிலேயப் பட்டியல் புத்தகங்கள். அவற்றில் ஒன்றைத் திருப்பி குருசுமுத்துவின் பக்கம் நகர்த்தி, இன்னொரு வாடிக்கையாளர் கேட்ட பாகத்தின் பெயரைச் சொன்னார். குருசுமுத்து அரை நிமிடத்தில் இலக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். அந்தக் கடையில் பிறகு அவர் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். அன்று அவருக்கு அது தெரியாது. எதற்காகத் தன்னிடம் பட்டியலைக் காட்டினார், ஏன் விலாசம் கேட்டார் என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தார்.

பத்து நாளில் ஊசி வந்தது. பாலேந்திரா பூட்டினார். குருசுமுத்து புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, பாலேந்திரா எஞ்சின் ஓடும்போதே காபிறேற்றரின் உள்ளுறுப்பை நூல் அளவு உயர்த்திவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். சத்தம் கூடினால் பெற்றோல் கூட. விழுந்தால் குறைவு. குருசுமுத்துவுக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. பாலேந்திராவுக்கு வித்தியாசம் கேட்டது. அந்தக் காது அவருக்கு எப்படி வாய்த்தது என்று தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்று குருசுமுத்து சொல்வார். பெற்றோல் நிலையத்து மனிதர் அளந்தார். மூன்று. நம்பாமல் மறுபடியும் அளந்தார். மூன்றுதான்.

தவணையின் கடைசிச் செவ்வாய் மூவரும் போனார்கள். குருசுமுத்து எல்லனுக்குப் பக்கத்தில், பாலேந்திரா பஸ்ஸில். சாம்பல் மேலங்கிக்காரர் குழாயை விட்டுப் பெட்டியைப் பார்த்தார். தலையைச் சரித்து இன்னொருமுறை பார்த்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்தச் சத்தம் மட்டும் மன்னாரில் கேட்ட சத்தம் போலவே இருந்தது. கார் எல்லனின் பெயருக்கு வந்தது.

பெயருக்கு வந்தும் எல்லனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் ஆனி மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த குருசுமுத்துவை ஏற்றிக்கொண்டு ஸ்கீவக்கு ஓட்டினார். அக்ஸல் குடியிருந்த வீட்டின் கீழ்மாடியில் வீட்டுக்காரப் பெண் இருந்தார். பத்து வருடம் அவனுக்கு வாடகைக்கு விட்டவர். கோப்பியும் கேக்கும் வைத்தார். எல்லன் தான் யார் என்று சொன்னதும் அவர் திகைத்துப்போனார்.

"அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது" என்றார். "தனக்கு ஒருவரும் இல்லை என்றுதான் சொல்லுவார்."

எல்லன் கேக்கை முழுவதும் சாப்பிட்டு, நன்றி சொல்லி, காருக்கு வந்தார். வீபோவுக்குக் கிட்ட வரும்வரை ஓட்டினார். அங்கே வயலோரத்தில் நிறுத்தினார். கொஞ்சம் நிற்போம் என்றார்.

குருசுமுத்து தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார். "தம்பி எழுதின தாளைப் பார்க்கலாமா?"

அது எல்லனின் கைப்பையில் இருந்தது. குருசுமுத்து வாசித்தார். டெனிஷ்தான், ஆனால் படிவங்கள் எந்த மொழியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர், பிறந்த திகதி, விலாசம்.

"இது யாருடைய கையெழுத்து?"

"அக்ஸலுடையது."

"எழுதியது 1984. இந்த விலாசம், ஹோர்சன்ஸ் வீடு. அங்கே வந்தது எப்போது?"

எல்லன் யோசித்தார். "1980. அதற்கு முதல் ஓர்ஹூஸில் இருந்தேன்." பிறகு தாளை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். சண்டைக்கு ஐந்து வருடம் பிந்திய விலாசம் அது. அவர் அக்ஸலுக்குச் சொன்னதில்லை. வீட்டு இலக்கம் சரி, மாடி சரி, அஞ்சல் இலக்கம் சரி.

"கச்சேரியில் பலபேர் மனைவி பிறந்த திகதியையே பிழையாக எழுதுவார்கள்" என்றார் குருசுமுத்து. அந்த வசனத்தை ஒழுங்குபடுத்த அவருக்கு வெகுநேரம் எடுத்தது. "இங்கே பிழை ஒன்றும் இல்லை."

"தபால் கந்தோரில் வேலை செய்தவன். பார்த்திருப்பான்" என்றார் எல்லன்.

"ஓம். பார்த்திருப்பார்."

"பார்த்தவன் ஏன் வரவில்லை?"

"தெரியாது."

எல்லன் தாளை நாலாக மடித்து வைத்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மற்றக் கையால் மூக்கைத் துடைத்து, பிறகு காரை எடுத்தார். வழியில் இரண்டு தடவை பிழையான பாதையில் திரும்பினார்கள். ஹோர்சன்ஸுக்கு வந்துசேரப் பின்னேரம் ஆகிவிட்டது.

அடுத்த மாசியில் எமிலியாவும் மகளும் வந்தார்கள். எல்லன் பச்சைக் காரோடு ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். யார் ஏறுவது, யார் நடப்பது என்று வாசலில் நின்று கொஞ்சநேரம் தடுமாறினார்கள். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அடுக்கி எல்லன் மெதுவாக முன்னே ஓட்டிக்கொண்டு போக, மூன்று பேரும் பனியில் பின்னால் நடந்தார்கள்.